மேட்னியில் பிடிபட்டவன்

இப்போதெல்லாம் படம் பார்க்கவா தியேட்டருக்கு வருகிறார்கள்? பாதிப் பேர் தூங்க வருகிறார்கள், மீதிப் பேர் போனை நோண்ட வருகிறார்கள். இப்படி முணுமுணுத்துக்கொண்டேதான் டார்ச்சுக்காரர் அந்த ஆளின் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தார்.

இவன் நோண்டவில்லை. போனை நெஞ்சுக்கு நேராக நிமிர்த்தி வைத்து, திரையில் ஓடிய படத்தை அப்படியே அள்ளிக்கொண்டிருந்தான்.

"மெதுவா பெரியவரே, கை ஆடுது," என்றான், கல்யாண போட்டோவுக்குக் குறுக்கே வந்தவரிடம் சொல்வதுபோல.

"ஆடும்டா, ஆடும். எந்திரி. மேனேஜர் ரூம்ல வந்து ஆடு."

படம் வெளியாகி அன்றைக்கு மூன்றாம் நாள். நாளை நடக்கப்போவதை இன்றே காட்டும் இயந்திரம், அதைத் துரத்தும் கொலைகாரன் என்று விஞ்ஞானத் திகில் படம். முதல் நாள் முதல் காட்சிக்கே நாற்காலிகள் காற்று வாங்கின. "அந்த மெஷின்ல ஒரு தடவை பாத்திருந்தா, தயாரிப்பாளர் இந்தப் படத்தை எடுத்தே இருக்க மாட்டாரு," என்று டார்ச்சுக்காரர் சொல்ல, பாப்கார்ன் விற்கிறவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆனால் திருட்டு திருட்டுதானே. போன படத்தை இதே அரங்கில் எவனோ எடுத்து ஊர் முழுக்க விட்டபோது, உள்ளே நின்றிருந்த இன்னொரு டார்ச்சுக்காரனை மேனேஜர் நின்ற நிலையில் வீட்டுக்கு அனுப்பினார். "அடுத்தது நடந்தா நீதான்," என்று இவரிடமும் சொல்லி வைத்திருந்தார். புருஷனை விட்டு வந்த மகளும் பேத்தியும் இந்த டார்ச் வெளிச்சத்தில்தான் சாப்பிடுகிறார்கள். இந்த வயதில் வேறு எவன் வேலை கொடுப்பான்?

மேனேஜர் அறையில் தயாரிப்பாளரே உட்கார்ந்திருந்தார். அவரைப் பேட்டி எடுக்க வந்த டிவிக்காரர்கள் தியேட்டர் வாசலில் மைக்கும் கையுமாக நின்றிருந்தார்கள்.

"புடிச்சுட்டேன் சார்!" டார்ச்சுக்காரர் அந்த ஆளை உள்ளே தள்ளினார். "கையும் களவுமா. படத்தை போன்ல ஏத்திக்கிட்டிருந்தான்."

தயாரிப்பாளரின் முகம் வெளுத்துவிட்டது. இருக்காதா, எடுத்த படத்தைக் கண்ணெதிரே களவு கொடுத்தவர்.

"டிக்கெட்டுகூட இல்லைங்க இவன்கிட்ட. உங்க கம்பெனி பாஸ்ல வந்திருக்கான்." அவன் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் சீட்டை உருவி நீட்டினார் டார்ச்சுக்காரர்.

"பாஸ் யார் யார் கைக்கோ போகுது, பெரியவரே." தயாரிப்பாளர் அதை வாங்கி, பார்க்காமலே கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

"போலீசுக்குச் சொல்லிடலாங்களா?" என்றார் மேனேஜர்.

"வேணாம் சார். சின்ன வயசு, பொழச்சுப் போகட்டும். இவன் ஒருத்தனா? மாட்டாதவன் எத்தனை பேரோ! இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள படம் எல்லார் போன்லயும் ஓடும். நல்லா போயிட்டிருந்த படம். திருடனுங்க சேந்து கொன்னுட்டானுங்க."

டார்ச்சுக்காரருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "நல்லா போச்சா? எந்தத் தியேட்டர்லங்க? இங்க ஆளில்லாம முந்தாநாளே ஏசியை நிறுத்திட்டோம்."

"ஏய், உன்னை யாரு கேட்டா?" மேனேஜர் சீறினார்.

தயாரிப்பாளர் இவர் பக்கம் திரும்பவே இல்லை. "இவ்வளவு நேரம் ஒருத்தன் எடுத்திருக்கான், உங்க ஆளு உள்ள என்ன பண்ணிக்கிட்டிருந்தாரு? வெளிய டிவிக்காரங்க நிக்கறாங்க. இந்தத் தியேட்டர்லதான் திருட்டுப் போச்சுன்னு சொல்லட்டுமா? இல்ல, நீங்க உடனே நடவடிக்கை எடுத்துட்டீங்கன்னு சொல்லட்டுமா?"

மேனேஜர் வாசல் பக்கம் பார்த்தார். பிறகு டார்ச்சுக்காரரிடம் கையை நீட்டினார். "டார்ச்சைக் குடுத்துட்டுக் கெளம்பு."

"புடிச்சதே நான்தானே சார்!"

"உள்ள விட்டதும் நீதான். கெளம்புய்யா."

"அவன் போன்ல இருக்கறதையாவது அழிக்கச் சொல்லுங்க."

"அது ஆதாரம். என்கிட்டயே இருக்கட்டும்." தயாரிப்பாளர் போனை வாங்கிப் பத்திரமாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

டார்ச்சை மேசைமேல் வைத்தார் பெரியவர். தியேட்டர் கொடுத்த காக்கிக் கோட்டைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தார். மடிக்கவில்லை. அந்தத் திருட்டுப் பயலுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். இவருக்கு வாசலைக் காட்டினார்கள். இது என்ன நியாயம்? யாரைக் கேட்பது?

மேனேஜர் டிவிக்காரர்களைக் கூட்டிவர ஓடினார். இவரும் வெளியே வந்து, வராந்தாவில் நடந்தார். வீட்டுக்குப் போய் மகளிடம் என்னவென்று சொல்வது? திருடனைப் பிடித்தேன், வேலை போய்விட்டது என்றால் எந்தப் பெண் நம்புவாள்? எங்கேயோ இடித்தது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

சரியாகச் சாத்தாத கதவு வழியே தயாரிப்பாளரின் குரல், தாழ்ந்து குழைந்து, அவர் முதுகுக்குப் பின்னால் வந்தது.

"கிளைமாக்ஸ் வரைக்கும் முழுசா எடுத்துட்டியா, மாப்ளே?"