நான் எடுக்காத முடிவு

“பிரசவ ஆஸ்பத்திரியை மூடணும்னு முடிவெடுத்தது நீங்கதானே சார்?”

பிரிவு அதிகாரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதிரே நோட்டும் பேனாவுமாக ஒரு பெண். பத்திரிகை நிருபராகத்தான் இருக்கும் என்று அவராகவே முடிவுகட்டிக்கொண்டார். அந்தத் தலைமைச் செயலகக் கட்டடத்தில் அந்த மாதம் ஒருவர் தாமாக எடுத்த ஒரே முடிவு அதுதான்.

“நானா? ‘செலவைக் குறைக்கப் பரிசீலிக்கலாம்’னு ஒரு வரி எழுதினேன். மூடுங்கன்னு எங்கேயாவது எழுதியிருக்கேனா?”

“நாளைக்குக் காலையில பூட்டப் போறாங்களாமே. அந்தப் பக்கத்துல வலி வந்தா அடுத்த ஆஸ்பத்திரிக்கு ரெண்டு மணி நேரம் போகணும். வழியில ஏதாவது ஆச்சுன்னா, யார் மூடச் சொன்னதுன்னு கேள்வி வருமே சார்?”

“ஐயையோ, என் பேரை இழுத்து விட்றாதீங்கம்மா! ரிட்டயர் ஆக எட்டு மாசம்தான் இருக்கு.”

“அப்போ, முடிவு நான் எடுக்கலைன்னு எழுதிக் கொடுத்துடுங்களேன்.”

ஒரு ஃபைலை நகர்த்த ஒரு மாதம் எடுத்துக்கொள்கிற மனிதர், அரை நிமிடத்தில் எழுதி, தேதி போட்டு, முத்திரையும் குத்தினார்.

அடுத்தது செயலாளர்.

“கீழேயிருந்து வந்ததை மேலே அனுப்பினேன். லிஃப்ட் பார்க்கிற வேலைதாம்மா எனக்கு. லிஃப்டைப் போய் யாராவது குத்தம் சொல்வாங்களா?” என்றவர், பிரிவு அதிகாரியின் கையெழுத்தைப் பார்த்ததும் பதறிப்போனார். “அடப்பாவி, முந்திக்கிட்டானா!”

பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கி அவரும் எழுதினார்.

அமைச்சர் சிரித்தபடியே வரவேற்றார். சிக்கனத்தைப் பற்றி ஆறு கூட்டம் போட்டு, ஆறிலும் தூங்கியவர் அவர்.

“கையெழுத்து என்னோடதுதான். முடிவு என்னோடது இல்லம்மா. அதிகாரிங்க நீட்டினாங்க, போட்டேன்.”

“அவங்க ரெண்டு பேரும் இல்லைன்னு எழுதிக் கொடுத்துட்டாங்களே ஐயா. மிச்சம் நீங்க மட்டும்தான்.”

சிரிப்பு போன இடம் தெரியவில்லை. “கொண்டாங்க அந்த நோட்டை!”

‘நான் முடிவும் எடுக்கவில்லை, உத்தரவும் கொடுக்கவில்லை’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, அடிக்கோடும் இழுத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலை பூட்டும் சாவியுமாக ஆஸ்பத்திரிக்கு வந்தார் பிரிவு அதிகாரி. வாசலை மறித்துக்கொண்டு அதே பெண், அதே நோட்டு.

“மூடச் சொல்லலைன்னு மூணு பேரும் எழுதியிருக்கீங்க. அமைச்சரே உத்தரவு கொடுக்கலைன்னுட்டார். அப்புறம் யார் சொல்லிப் பூட்டுறீங்க? இப்போ பூட்டினா, அது உங்க முடிவு ஆயிடும் சார்.”

அவர் சட்டென்று பூட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“நான் போயிடறேன்மா. ஆனா, இன்னும் திறந்து கிடக்கே, இது யார் முடிவுன்னு மேலே கேட்டா என்ன சொல்றது?”

உள்ளேயிருந்து ஒரு பெண்ணின் அலறல் கேட்டது.

“என் முடிவுன்னு சொல்லுங்க!” என்று அதே நோட்டில் ஒரு தாளில் பளிச்சென்று கையெழுத்துப் போட்டு, கிழித்து அவர் கையில் திணித்துவிட்டு, பிரசவ அறைக்கு ஓடினாள் அந்த ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ்.