டொக்டரிடம் சொன்னது

“எத்தனை நாளாக இப்படி இருக்கிறது?” என்று கேட்டார் டொக்டர். வெள்ளைக்காரப் பெண்மணி.

லண்டனில், டூட்டிங்கில் ஒரு சிறிய கிளினிக். 2004 ஜனவரி. நோயாளியின் நாற்காலியில் ஐம்பத்து மூன்று வயதுக் கனகாம்பிகை. பக்கத்தில், மொழிபெயர்க்க வந்திருந்த மாலினி, அவரைவிட நாலைந்து வயது இளையவள்.

கனகாம்பிகை தமிழில் நாலு வார்த்தை சொன்னார். மாலினி ஆங்கிலத்தில் நிறுத்தாமல் பேசினாள்.

“ஆறு மாதமாக, டொக்டர். திடீரென்று நெஞ்சிலிருந்து நெருப்பு ஏறுவதுபோல முகமெல்லாம் எரியும். வேர்த்து ஊற்றும். பிறகு குளிரும். இந்தக் குளிரிலும் யன்னலைத் திறக்க வேண்டியிருக்கிறது. நெஞ்சு படபடக்கிறது. இதய வருத்தமோ என்று பயம்.”

“மாதவிடாய்?”

“ஒழுங்காக வருவதில்லை.”

“அவரைக் கேட்கவில்லையே?”

“வெளியில் இருக்கும்போதே கேட்டுவிட்டேன்.”

டொக்டர் கனகாம்பிகையைப் பார்த்தார். “ஓம்” என்று தலையாட்டினார் கனகாம்பிகை.

“பயப்பட வேண்டாம். மாதவிடாய் நிற்கப்போகும் காலம். ஹோர்மோன் குறையும்போது, உடம்புச் சூட்டைக் கவனிக்கும் மூளை சின்னச் சூட்டையும் பெரிதாக எடுத்துக்கொள்ளும். உடம்பைக் குளிர வைக்கத்தான் அந்த வேர்வை. சில நிமிடத்தில் அடங்கும். படபடப்பும் பெரும்பாலும் அதனால்தான். எதற்கும் பிரஷர் பார்ப்போம்.”

கனகாம்பிகை கையை நீட்டினார். பிரஷர் சரியாக இருந்தது.

மாலினி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். “எத்தனை காலத்துக்கு?”

“சிலருக்குச் சில மாதம், சிலருக்குப் பல வருடம். பருத்தி உடுப்பு நல்லது. உறைப்பையும் சூடான தேநீரையும் குறைத்துப் பார்க்கலாம். தாங்க முடியாவிட்டால் மருந்து இருக்கிறது, பேசலாம்.”

“பைத்தியம் இல்லைதானே, டொக்டர்? வீட்டில் அப்படித்தான் சொல்கிறார்கள்.”

“நிச்சயமாக இல்லை.”

மாலினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நோயாளிக்காக இவ்வளவு கரையும் மொழிபெயர்ப்பாளரை டொக்டர் அதுவரை பார்த்ததில்லை.

இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள்.

“தங்கச்சி, இப்ப மனம் ஆறிச்சோ?” என்றார் கனகாம்பிகை.

மாலினி திடுக்கிட்டு நின்றாள்.

“எனக்கு இங்கிலீஸ் கதைக்கத்தான் ஏலாது. கேட்டா முழுக்க விளங்கும். என்ர முழங்கால் நோவை அடுத்த கிழமை வந்து சொல்லுவம். நீர் முதல் உம்மட டொக்டரிட்டைப் போய்ப் பிரஷரைப் பாரும்.”

“எப்பிடிப் போறது, அக்கா? அவர் என்ர மனுசன்ர தம்பி.”