மனைவிக்கு ஏற்ற வண்டி

"சாவியை அவர்கிட்ட இல்லைங்க, என்கிட்ட குடுங்க."

ஷோரூம்காரரின் கை பாதி வழியில் நின்றது. வாங்கிக்கொள்ள நீண்ட மாப்பிள்ளையின் கையும் நின்றது. எதைக் கேட்கவே கூடாது என்று அம்மா காலையில் இரண்டு முறை போன் செய்து சொன்னாளோ, அதைத்தான் மகள் கேட்டுவிட்டாள்.

அம்மா தையல் கம்பெனியில் பட்டன் தைத்தே மகளை மாட்டு டாக்டருக்குப் படிக்க வைத்தவள். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் மகள்தான். அதனாலேயே அம்மாவுக்குப் பயம் அதிகம்.

"அவரா எடுத்துக் குடுக்கிற வரைக்கும் சாவியைக் கேக்காதடி. ஏற்கெனவே மூணு பேர் பேசி முடிக்கிற நேரத்துல கை நழுவியாச்சு. இவரையும் விட்டா நான் யார்கிட்டப் போய் நிக்கிறது?"

மகளுக்கு வேலை மலையில். தார்ச்சாலை முடிகிற இடத்தில்தான் அவள் பார்க்க வேண்டிய தொழுவங்களே தொடங்கும். கன்று வயிற்றுக்குள் குறுக்கே திரும்பிக்கொண்டது என்று போன் வந்தால் எந்த நேரமானாலும் ஏறியாக வேண்டும். மேடு பள்ளம், சேறு, பாறை எதுவும் பார்க்காத நாலு சக்கர பைக் இல்லாமல் அது முடியாது.

கல்யாணத்துக்குப் பிறகும் ஏறுவேன் என்று முதல் பேச்சிலேயே சொல்லியிருந்தாள். தாராளமாக என்றார் மாப்பிள்ளையாகப் போகிறவர். வண்டி பார்க்க வருகிறீர்களா என்று கேட்டதற்கு, மனைவிக்கு ஏற்றதைத் தானே தேர்ந்தெடுத்துப் பரிசாகத் தருவதாகவும் சொன்னார். அது மூன்றாவது போன். அதிலேயே 'நீங்க' தேய்ந்து 'நீ' ஆகிவிட்டது.

இன்று அவர் வந்தபோது அவள் முன்னதாகவே வந்து உள்ளே உட்கார்ந்திருந்தாள். வாசலில் நான்கு சக்கரத்திலும் சேறு அப்பிய பழைய வண்டி ஒன்று, முதுகில் கயிற்றுச் சுருளோடு வழியை அடைத்துக்கொண்டு நின்றது. வியாபாரம் நடக்கிற இடத்தில் இந்தக் குப்பையைக் கொண்டுவந்து நிறுத்தியது யார் என்று கேட்டுக்கொண்டேதான் அவர் நுழைந்தார். ஷோரூம்காரர் அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ஷோரூம்காரர் விவரம் கேட்டார். மேடத்தின் உயரம் என்ன, முன்பே ஓட்டிப் பழக்கமா, எந்த மாதிரிப் பாதை. எல்லாவற்றுக்கும் மாப்பிள்ளையே பதில் சொன்னார், அவள் ஏதோ பக்கத்து ஊரில் இருப்பதுபோல. உயரத்தில் இரண்டு அங்குலம் குறைத்தார். பயந்த சுபாவம் என்றார். பயந்த சுபாவக்காரி அந்த வாரம்தான் ஒரு காளையின் வாய்க்குள் முழங்கை வரை கைவிட்டு, அது விழுங்கிய சாக்குத் துணியை உருவி எடுத்திருந்தாள்.

பாதையைப் பற்றிக் கேட்டபோது, வீட்டுக் காம்பவுண்டைச் சுற்றி வருகிற மாதிரி இருந்தால் போதும் என்றார்.

"அப்போ மலைக்கு?" என்றாள் அவள்.

"அதெல்லாம் போகப் போகப் பாத்துக்கலாம்மா."

அதற்குப் பிறகுதான் அவள் சாவியைக் கேட்டது. சாவி இன்னும் அந்தரத்தில் இருந்தது. ஷோரூம்காரர் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, மேஜை இழுப்பறையிலிருந்து தீப்பெட்டி அளவில் எதையோ எடுத்தார்.

"சார், மேடம் ஓட்டட்டும். நீங்க இந்த ரிமோட்டை வச்சுக்குங்க. குழந்தைங்க வண்டிக்கு வர்றது, அப்பா அம்மா கையில இருக்கும். அமுக்கினா எஞ்சின் நின்னுடும். கேட்டா பெரிய வண்டிக்கும் மாட்டித் தருவோம். டெஸ்ட் வண்டியில மாட்டித்தான் வச்சிருக்கோம். வேணும்னா மட்டும் அமுக்குங்க."

மாப்பிள்ளைக்குச் சாவி மறந்தே போனது.

கடைக்குப் பின்னால் வண்டியை ஏற்றிப் பார்க்கவென்றே கொட்டி வைத்த மண்மேடு இருந்தது. அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறினாள். அவள் போன வேகத்துக்கு நிறைசினை மாடுகூட அவளை முந்தியிருக்கும். பாதி மேட்டில், முன்சக்கரம் வானத்தைப் பார்க்கிற இடத்தில், எஞ்சின் பொசுக்கென்று அடங்கியது. வண்டி ஒரு சாண் பின்னுக்கு வழுக்கியது.

பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடி அவள் திரும்பிப் பார்த்தாள். கீழே மாப்பிள்ளை ரிமோட்டைத் தூக்கிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் வேகமாப் போன மாதிரி இருந்துச்சு. பரவால்ல, நல்லாத்தான் வேலை செய்யுது. இதையே எடுத்துக்கலாம்."

அவள் வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு இறங்கி நடந்து வந்தாள். சாவியை ஷோரூம்காரரிடம் கொடுத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"இந்தக் கல்யாணம் வேண்டாங்க. அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

"என்னது? ஒரு பட்டனை அமுக்கினதுக்கா?"

"எங்கம்மா இதுவரைக்கும் லட்சம் பட்டன் தைச்சிருப்பாங்க. ஒண்ணைக்கூட என்னை நிறுத்துறதுக்காகத் தைக்கல."

அவள் கடைக்குள் நடந்தாள். பின்னாலேயே வந்த மாப்பிள்ளை நியாயம் கேட்டு ஷோரூம்காரரிடம் திரும்பினார். படித்த திமிர், வேறென்ன, ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு ரோஷமா, நீங்களே சொல்லுங்கள் சார் என்றார். அந்த மனிதர் தூசியே இல்லாத ஒரு சீட்டைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தார்.

அதற்குள் அவள் வாசலைத் தாண்டியிருந்தாள். பையிலிருந்து வேறொரு சாவியை எடுத்து, சேறு அப்பிய அந்தப் பழைய வண்டியில் ஏறி உட்கார்ந்து, ஒரே உதையில் கிளப்பினாள். சத்தத்துக்கு மேலாக உள்ளே ஷோரூம்காரரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அண்ணா, ரிமோட்டுக்கு பேட்டரி மாத்தி வைங்க. சனிக்கிழமை அஞ்சாவது ஆள் வர்றார்."