பூட்டிய ஆலைகள்

புள்ளியியல் அலுவலகத்தின் தரவு அறைக்குள் கைப்பேசியோ காகிதமோ கொண்டுபோகக் கூடாது. வேலையிழந்தவர்களைப் பற்றி ஆய்வு செய்துவந்த ரெஜினா, மூன்று மாதமாக அங்கே உட்கார்ந்து ஆலைக் கணக்கெடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆலைகளுக்குப் பெயர் இல்லை, எண்கள் மட்டும்தான். ஆலை மூடியதும் அதன் விவரமும் நின்றுபோயிருந்தது. ஆய்வையே விட்டுவிடலாம் என்று நினைத்த அன்றுதான், ஒரு மாவட்டத்தில் மட்டும் மூடிய ஆலைகளுக்கும் எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருப்பதைக் கண்டாள். வேலை போனவர்கள் எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை பேர், எதுவும் விடுபடவில்லை.

"இத யாரு சார் எடுத்தது?" என்று அறையைக் கண்காணித்த அதிகாரி சிதம்பரநாதனிடம் கேட்டாள்.

திரையில் மாவட்டத்தின் பெயரைப் பார்த்ததும் அவர் குரல் தாழ்ந்தது.

"நான்தாம்மா, பதினோரு வருஷம் முந்தி. பூட்டுன கேட் பதில் சொல்லுமா? மொதலாளி வீடு, வாட்ச்மேன் வீடுன்னு தேடித் தேடிப் போனேன். மூடியாச்சுன்னு எழுதிட்டு வாங்க, போதும்னு ஆபீஸ்ல சொன்னாங்க."

"அப்புறம் ஏன் சார் போனீங்க?"

"வேலை போனவங்க அவ்வளவு பேரு இருந்தாங்களேம்மா."

ரெஜினா எழுந்து, தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"உக்காருங்க சார்."

பதினோரு வருஷத்துக்குப் பிறகு அவர் அந்த எண்களுக்கு எதிரே உட்கார்ந்தார்.