சம்பங்கோரைக்குள் நீலக்கோழி

நீலக்கோழி கோரைத் தண்டைக் காலால் பிடித்துக்கொண்டு தின்னும் என்று அய்யம்மாள் சொன்னதும், கிருபாவதி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

அய்யம்மாள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு விரல்களைக் குவித்துக் காட்டினாள். நாம் கரும்பைப் பிடிப்பது மாதிரிதான். தண்டைப் பிடுங்கி, காலில் எடுத்து, வாய்வரைக்கும் தூக்கி, உள்ளே இருக்கிற வெள்ளைக் குருத்தை மட்டும் உரித்துத் தின்றுவிட்டு மிச்சத்தைப் போட்டுவிடும்.

கிருபாவதி அதைப் புத்தகத்தில் படித்திருந்தாள். கண்ணால் பார்த்த ஒருவர் சொல்லிக் கேட்பது இதுதான் முதல்முறை.

அவள் மதுரையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை. தேனி பஜாரில் அப்பாவுக்குப் பாத்திரக்கடை. நீர்ப்பறவைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுவதற்காக, அந்த எழுபத்தெட்டாம் வருஷம் தை பிறந்ததிலிருந்து சனிக்கிழமைதோறும் கல்லூரி பைனாகுலரை எடுத்துக்கொண்டு அனுமந்தன்பட்டிக்கு பஸ் ஏறி வந்துகொண்டிருந்தாள்.

கண்மாய்ப் பக்கம் நீலக்கோழியைப் பற்றி யாரைக் கேட்டாலும் இரண்டே பதில்தான் கிடைத்தது. நாற்றை மிதித்து நாசமாக்கும். கறி கொஞ்சம் முரடு.

இன்றைக்குக் கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்தவளிடமும் ஒப்புக்குத்தான் கேட்டாள்.

அய்யம்மாளுக்கு முப்பது வயது இருக்கும். ரேஷன் கடையில் பெயர் வாசிப்பதுபோல, ஏற்ற இறக்கமில்லாமல் சொல்லிக்கொண்டே போனாள்.

விடிவதற்கு முன்னால், தொண்டை கட்டிய கன்றுக்குட்டி மாதிரி கோரைக்குள் இருந்து முனகும். வெயில் ஏறினால் வெளியே வராது. பொழுது சாயத்தான் ஓரத்துக்கு வரும். உடம்பெல்லாம் மயில்கழுத்து நீலம். அலகும் நெற்றியும் குங்குமத்தை அள்ளி அப்பினதுபோல் இருக்கும்.

ஒவ்வொரு எட்டுக்கும் வாலைச் சுண்டும். அப்போது அடியில் வெள்ளை தெரியும்.

வேறு வழியே இல்லை என்றால்தான் பறக்கும். பறக்கையில் கால் இரண்டும் தன்னுடையது இல்லை என்பதுபோல் தொங்கும்.

கோரையை மிதித்து மடக்கித்தான் கூடு. குஞ்சுகள் கரித்துண்டு மாதிரி கறுப்பு, அலகு மட்டும் வெளுப்பு. தாய் மட்டும்தான் இரை கொடுக்கும் என்றில்லை, கூட இருக்கிற இரண்டு மூன்றும் கொண்டுவந்து கொடுக்கும். பருந்து நிழல் விழுந்தால் போதும், அத்தனையும் உள்ளே போய்விடும். ஒரு கோரைத்தாள்கூட அசையாது.

ஆறு பக்கம் நிறைந்துவிட்டது. கட்டுரையில் இவள் பெயரையும் போட வேண்டும் என்று கிருபாவதி நினைத்துக்கொண்டாள். எத்தனை வருஷமாகப் பார்த்துவருகிறீர்கள் என்று கேட்டாள்.

"மூணு நாளு, டீச்சர்."

கிருபாவதி சிரித்துவிட்டாள். மூன்று வருஷத்தைத்தான் வாய் தவறிச் சொல்கிறாள் என்று நினைத்து மறுபடியும் கேட்டாள்.

"மூணே நாளுதான். போன ஐப்பசியில. இங்கனதான் உக்காந்திருந்தேன்."

ஐப்பசி மழையில் கண்மாய் நிரம்பி, கரை தாங்காது என்று ஊருக்குள் பேச்சு வந்தபோது, மடைப் பலகையைத் தூக்கிவிடுவதற்காக அவள் புருஷன் சுருளிவேல் தண்ணீரில் இறங்கியிருக்கிறான். ஏறவில்லை.

பத்துப் பேர் கயிறும் கொக்கியுமாகத் தேடினார்கள். தண்ணீர்ப் பக்கம் வரக்கூடாது என்று அவளைக் கரையில் உட்காரவைத்தார்கள். வீட்டுக்குப் போ என்றும் சொன்னார்கள், அவள் போகவில்லை.

கொக்கி உள்ளே போய் வெறுமனே வெளியே வருவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கண்ணை எங்கேயாவது வைக்க வேண்டியிருந்தது. எதிரே கோரை. கோரை ஓரத்தில் அந்தப் பறவைகள்.

விடிந்ததிலிருந்து இருட்டும்வரை அவற்றையே பார்த்தாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம், வழக்கம்போல் வரிசையாக மேய்ந்துகொண்டே வந்தவை வடக்கு மூலைக்குப் பக்கத்தில் அப்படியே நின்றன. வாலைச் சுண்டிச் சுண்டிக் கத்தின. பிறகு திரும்பிவிட்டன. கண்ணுக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலையிலும் அதே இடம்வரை வந்து, அதே மாதிரி திரும்பின.

தேடுகிறவர்களிடம் சொன்னாள். இறங்கினது மடையில், அவ்வளவு தூரம் எப்படிப் போகும் என்றார்கள். பாவம், அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டு, ஒரு சொம்பில் தண்ணீர் கொடுத்துக் குடிக்கச் சொன்னார்கள்.

மத்தியானம்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் கொழுந்தன் வீரணன், அவள் வாய் ஓய்ந்தால் போதும் என்றுதானோ என்னவோ, கோரையை விலக்கிக்கொண்டு வடக்கு மூலைக்குள் போனான்.

"அங்கனதான் இருந்தாக," என்றாள் அய்யம்மாள்.

மலைக்குப் பின்னால் பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. கோரையிலிருந்து முதல் பறவை வெளியே வந்து தண்ணீர் ஓரமாக நின்றது. அதைப் பார்க்கத்தான் கிருபாவதி காலையிலிருந்து காத்திருந்தாள். பைனாகுலரைத் தூக்கக் கை வரவில்லை.

அய்யம்மாள் புல்லை அள்ளிக் கட்டினாள். கட்டைத் தலைக்கு ஏற்றிவிட ஒரு கை கொடுக்கச் சொன்னாள். ஈரப்புல், நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

தலையில் கட்டோடு இரண்டு எட்டு நடந்தவள் நின்றாள். கழுத்தைத் திருப்ப முடியாததால் முன்னால் பார்த்தபடியே சொன்னாள்.

"நாலாம் நாளும் வந்து பாத்தேன், டீச்சர். பழையபடி அந்த வடக்கு மூலையிலயேதான் மேஞ்சுக்கிட்டிருந்துச்சுக. அதையும் எழுதிக்கிருங்க."