ஒரே டிவிஷன்

நியூசிலாந்து மாகாண ரக்பி சங்கங்களின் ஓட்டெடுப்புக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது. நகரத்துச் சங்கத் தலைவர் டெஸ்மண்ட், சின்ன மாகாணத்துத் தலைவர் தமாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ரெண்டு டிவிஷன் வேண்டாம்னு ஓட்டுப் போடுங்க. இல்லைன்னா முதல் டிவிஷன்ல கடைசி இடத்துக்கு வந்த எங்க அணி ரெண்டாம் டிவிஷனுக்குப் போயிடும்.”

“ஒன்பது வருஷம் முன்னாடி எங்களைக் கீழே தள்ளி, ‘நோஞ்சானுங்க நோஞ்சானுங்களோட ஆடட்டும்’னீங்களே?”

அன்று முதல் தமாட்டியின் நல்ல ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராகக் கொத்திக்கொண்டு போனதும் டெஸ்மண்ட்தான். தமாட்டிக்கு இன்னும் வயிறு எரிந்தது.

ஒரே ஓட்டு வித்தியாசத்தில், எல்லா அணிகளும் ஒரே டிவிஷனில் ஆடுவது என்று முடிவானது. அந்த ஓட்டு தமாட்டியுடையது.

டெஸ்மண்டுக்குக் கண் கலங்கிவிட்டது. “பழசை மறந்துட்டீங்களே! உங்களுக்குப் பெரிய மனசு.”

“யாரு மறந்தா? இந்த வருஷம் ரெண்டாம் டிவிஷன் கோப்பை எங்களுக்கு. நாங்க மேலே வர்ற நேரத்துல நீங்க கீழே போயிட்டா, உங்களை எங்கே பிடிச்சு உதைக்கிறது?” என்றார் தமாட்டி. “இனிமே வருஷா வருஷம் எங்க மைதானத்துக்கு நீங்க வந்தே ஆகணும்.”