மெல்ரொனின் நிறை

அந்தக் கடலோரக் கிளினிக்கில் ஆளுக்கேற்ற மருந்தளவைக் கணினியே கணித்துச் சொல்லும். அதன் பட்டியலைச் சரிபார்ப்பது தாதி ஜெயரூபினியின் வேலை.

பட்டியலில் மெல்ரொனும் இருந்தான். 2009இல், போரின் கடைசி நாட்களில் காணாமல் போனவன். கணினிக்குத் தெரிந்தது இரண்டே வகை மனிதர்: உயிரோடிருப்பவர், இறந்தவர். தாய் புனிதம் மரணச் சான்றிதழ் வாங்க மறுத்துவிட்டதால் அவன் முதல் வகையிலேயே இருந்தான். அதுகூடப் பரவாயில்லை. தராசில் யாரும் ஏறாமலே மாதாமாதம் அவனுடைய நிறை பதிவாகிக்கொண்டிருந்தது. ஜெயரூபினி இரண்டு தடவை அழித்துப் பார்த்தாள். மறுநாள் அதே எண் அதே இடத்தில் இருந்தது. புனிதத்துக்கும் அது தெரிந்திருந்தது.

புனிதம் நீரிழிவு நோயாளி; மகனுக்காக வெள்ளிதோறும் ஒருசந்தி பிடித்துப் பட்டினி கிடப்பவள். இன்று அவள் தராசை விட்டு இறங்கியதும் ஜெயரூபினி சொன்னாள்:

"அம்மா, இந்த மாதமும் ரெண்டு கிலோ குறைஞ்சிட்டீங்கள். சீனி வருத்தத்தோட ஒருசந்தி வேண்டாம், நேரத்துக்குச் சாப்பிடுங்கோ எண்டு கொம்பியூட்டர் சொல்லுது."

"அவன்ரை எவ்வளவு, பிள்ளை?"

ஜெயரூபினி திரையைப் பார்த்தாள். சொல்லலாமா என்று யோசித்தாள்.

"ரெண்டு கிலோ கூடியிருக்கு."

புனிதம் சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெகு காலத்துக்குப் பிறகு சிரித்தாள்.

"அப்ப நான் எப்பிடிப் பிள்ளை சாப்பிடுறது?"